ஃப்ரீ டேட்டாதான்... ஆனா அதுல நாம இருக்கோமா?

உங்க மூளை, கல்லீரல் ரெண்டுலயும் ஒரே மரபணுக்கள்தான். எங்கே எது 'ஆன்' ஆகுது என்பதில்தான் வித்தியாசம். இதுதான் 'ஜீன் எக்ஸ்பிரஷன்'.

அமெரிக்க அரசின் 'ஜியோ' தளத்தில் 2000-ம் ஆண்டிலிருந்து இந்தத் தரவுகள் சேர்கின்றன. லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் நீங்களும் இலவசமாக டவுன்லோடு செய்து ஆராயலாம். செம இல்ல?

ஆனால் ஒரு சிக்கல். நோயில்லாத திசுவில் மரபணுக்கள் எப்படி இயங்கும் என்று ஒப்பிட ஆய்வாளர்கள் பார்ப்பது 'ஜிடெக்ஸ்' தொகுப்பை. அதன் 2020 ஆய்வில் இருந்த 838 பேரில், சுமார் 85% ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள். அதில் கிடைக்கும் முடிவு நமக்கும் அப்படியே பொருந்துமா?

'ஜீனோம் இந்தியா' சுமார் 10,000 இந்தியர்களின் மரபணு வரிசையை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால், வரிசை வேறு, எக்ஸ்பிரஷன் வேறு. அந்தத் தரவும் இங்கிருந்து சேர்ந்தால்தான் ஃப்ரீ டேட்டா நமக்கும் முழுசா உதவும்.