லெஃப்ட் விடுங்க சார்!

சென்னையில் சிவப்பு எரியும்போது இடது ஓரமாக வண்டியை நிறுத்திப் பாருங்கள். பின்னாலிருந்து முதலில் சின்னதாக ஒரு ஹாரன், அப்புறம் நீளமாக ஒன்று. கடைசியில் ஆட்டோவிலிருந்து ஒரு தலை நீளும்: “லெஃப்ட் விடுங்க சார்!” நேராகப் போக வேண்டியவர், சட்டப்படி நிற்பவர், நின்றதற்காகவே திட்டு வாங்குவார். அந்த முக்கில் ஃப்ரீ லெஃப்ட் என்று ஒரு பலகை இருந்தாலாவது பரவாயில்லை. பல முக்குகளில் அதுவும் கிடையாது.

இடப்பக்கம் திரும்புகிறவருக்கு சிக்னலே கிடையாது என்று நம்மில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறோம். லைசென்ஸ் வாங்கியபோது யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. முன்னால் போனவர் திரும்பினார், நாமும் திரும்பினோம், அவ்வளவுதான். விதி வேறு. சிவப்பு எரிந்தால் ஸ்டாப் லைனுக்கு முன்னால் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் போகிறவராக இருந்தாலும். பலகையோ பச்சை அம்புக்குறியோ அனுமதித்தால் மட்டும் இடப்பக்கம் போகலாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயகரமாக ஓட்டுவது என்றால் என்னென்ன என்று 184-ஆவது பிரிவில் விளக்கம் சேர்த்தார்கள். அந்த வரிசையில் முதலில் வருவதே சிவப்பு விளக்கைத் தாண்டுவதுதான். 1,000 ரூபாயிலிருந்து 5,000 வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. சும்மா லெஃப்ட் எடுத்ததற்காக யாரும் சிறைக்குப் போகப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஹாரன் அவ்வளவு தைரியமாக ஒலிக்கிறது.

உலகத்தில் நமக்கு மட்டும் வந்த ஆசை இல்லை இது. அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் அங்கே சிவப்பில் வலது திரும்புவார்கள். மேற்கு மாநிலங்களில் இந்த வழக்கம் முன்பே இருந்தது. நாடு முழுக்கப் பரவியதற்குக் காரணம் பெட்ரோல். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பங்க்குகளில் வரிசை நீண்டது. சிக்னலில் எஞ்சின் வீணாக உறுமிக்கொண்டு நிற்பதைக் குறைத்தால் எண்ணெய் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள். 1975-ல் வந்த எரிசக்திச் சட்டம், மத்திய அரசின் நிதி வேண்டுமானால் சிவப்பில் வலது திரும்புவதை அனுமதியுங்கள் என்று மாநிலங்களிடம் சொன்னது. ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. கடைசியாக மாசசூசெட்ஸ், 1980 ஜனவரி 1-ஆம் தேதி.

நியூயார்க் நகரம் மட்டும் மசியவில்லை. பலகை வைத்து அனுமதித்த சில இடங்கள் தவிர, இன்றைக்கும் அங்கே சிவப்பில் திரும்பக்கூடாது. நியூஜெர்சியில் குடியிருக்கும் நம்மூர் மென்பொருள்காரர்கள் ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனுக்குள் நுழைந்ததும் கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊரே நடந்து போகிற ஊர் அது. அங்கே காரில் போகிறவருடைய அரை நிமிடத்தைவிட நடப்பவருடைய எலும்புக்கு மதிப்பு அதிகம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

பெட்ரோல் எவ்வளவு மிச்சமானதோ, நடந்து போனவர்களுக்கு என்ன ஆனது என்பதைக் கொஞ்ச நாளிலேயே எண்ணிப் பார்த்துவிட்டார்கள். நியூயார்க் மாநிலம், விஸ்கான்சின், ஒஹாயோ, நியூ ஆர்லியன்ஸ் ஆகிய இடங்களின் போலீஸ் பதிவுகளை வைத்து 1980-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு வந்தது. சிக்னல் முக்குகளில் வலது திரும்பும் வண்டிகள் பாதசாரிகளை இடித்த விபத்துகள், இடத்துக்கு இடம் 43 சதவீதத்திலிருந்து 107 சதவீதம் வரை கூடியிருந்தன. மொத்த விபத்துகளில் இவை சின்னப் பங்குதான், அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு எண்ணிக்கையைவிட அந்த ஆய்வு சொன்ன காரணம்தான் முக்கியம். ஓட்டுநர் நிற்கிறார். இடப்பக்கம் வரும் வண்டிகளுக்கு நடுவே ஓர் இடைவெளியைத் தேடுகிறார். கிடைத்ததும் வலது திரும்பி நகர்கிறார். அந்த வலப்பக்கத்திலிருந்து ஒருவர் சாலையில் இறங்கியிருப்பதை அவர் பார்க்கவே இல்லை.

நம் ஊருக்கு இதைக் கண்ணாடியில் காட்டுவதுபோல் திருப்பிக்கொள்ளலாம். நம் ஓட்டுநர் திரும்புவது இடப்பக்கம், அவர் கண் இருப்பதோ வலப்பக்கம். எந்த பஸ் பாய்ந்து வருகிறது, எந்தத் தண்ணீர் லாரி வருகிறது என்பதுதான் அவர் கவலை. அவரைக் குறைசொல்ல முடியாது, அந்தப் பக்கத்திலிருந்துதான் அவருக்கு ஆபத்து. இடது ஓரத்தில் பையோடு நிற்கும் பாட்டியால் அவருக்கு ஆபத்து ஒன்றுமில்லை, ஆகவே பாட்டி கண்ணில் படுவதில்லை. பஸ் அல்லது லாரி என்றால் இன்னும் மோசம். நீள வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே நுழைந்த டூவீலர் அந்த இடத்தில்தான் இருக்கும்.

அமெரிக்க விதியில் ஒரு நிபந்தனை உண்டு. முழுதாக நிற்க வேண்டும், நடப்பவருக்கு வழிவிட வேண்டும், பிறகுதான் திரும்பலாம். சிங்கப்பூரில் சிவப்பில் இடது திரும்பலாம் என்று பலகை வைத்த முக்குகளிலும் அப்படியே: ஸ்டாப் லைனில் நின்று, பார்த்து, போ. நம்முடைய ஃப்ரீ லெஃப்டில் நிற்பது என்ற பேச்சே கிடையாது. பெரிய சந்திப்புகளில் இதற்கென்றே தனி வழி வெட்டி, வளைவை அகலமாக்கி, வேகம் குறைக்காமல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி கட்டிக் கொடுத்திருக்கிறோம். எந்த சிக்னலும் அந்த ஓடையை நிறுத்தாது. நேராகப் போகிறவர்களுக்குச் சிவப்பு விழுந்ததும் நடப்பவர் இறங்கலாமே என்று கால் வைத்தால், அந்த நேரத்திலும் இடப்பக்க வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். நான்கு திசைக்கும் முறை வைத்த சிக்னலில் நடப்பவருக்கு மட்டும் முறை வருவதில்லை. கையை நீட்டி, கடவுளை நம்பி, ஓட்டமும் நடையுமாக அவரே ஒரு முறையை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. இன்னும் சில சாலைகளிலும் பிளாட்பாரம் அகலமாகியிருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிளாட்பாரம் என்றால் ஒரு முக்கில் முடிந்துதானே ஆக வேண்டும்? முடிகிற இடத்தில் ஃப்ரீ லெஃப்ட் காத்திருந்தால், நடப்பவருக்கு எதிர்ப் பிளாட்பாரம் எவ்வளவு அகலம் என்பதில் என்ன ஆர்வம் இருக்கும்? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

எல்லா இடத்திலும் இடப்பக்கத்தை அடைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடது திருப்பம்தான் இருப்பதிலேயே சுலபமானது, எதிரில் வருகிற வண்டியை அது வெட்டுவதில்லை. ஊருக்கு வெளியே, நடமாட்டமே இல்லாத புறவழிச்சாலைச் சந்திப்பில், நள்ளிரவில், இரண்டு நிமிடம் கல்லாக நிற்கச் சொல்வது வீம்பு. கேள்வி, எந்த முக்கில் என்பதுதான். கிழக்கு ஜெர்மனி 1978-ல் கறுப்புத் தகட்டில் பச்சை அம்பு வரைந்து சிவப்பில் வலது திரும்ப அனுமதித்தது. இரண்டு ஜெர்மனிகளும் சேர்ந்த பிறகு அந்தத் தகடு ஒழிந்துவிடும் என்று நினைத்தார்கள். மாறாக 1994-ல் மொத்த நாட்டுக்கும் அது விதியானது. ஆனால் முக்குக்கு முக்கு பார்த்துத்தான் மாட்டுவார்கள். கண் தெரியாதவர்களும் நடக்கச் சிரமப்படுகிறவர்களும் அடிக்கடி கடக்கிற இடங்களில் மாட்டுவதில்லை. மாட்டிய இடத்திலும் நின்று பார்த்துத்தான் திரும்ப வேண்டும்.

பெட்ரோல் மிச்சம் என்ற பழைய வாதத்துக்கும் இப்போது வலு குறைந்துவிட்டது. மின்சார ஆட்டோ சிக்னலில் நிற்கும்போது மோட்டார் சும்மாதான் இருக்கிறது. பல புது கார்கள் நின்றதும் எஞ்சினைத் தாமே அணைத்துக்கொள்கின்றன. மிச்சம் இருப்பது நேரம் மட்டும். அவசரம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆபீஸ் பயோமெட்ரிக்குக்கு ஃப்ரீ லெஃப்ட் கதையெல்லாம் புரியாது.

அரசு மருத்துவமனை, பள்ளிக்கூடம், பஸ் நிலையம், மார்க்கெட் இருக்கிற முக்குகளிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கெல்லாம் இடப்பக்கத்துக்கும் சிவப்பு வேண்டும், நடப்பவருக்கு முழுசாக ஒரு பச்சை வேண்டும். தனி வழி வெட்டிய இடங்களில் ஜீப்ரா கிராசிங்கைப் பிளாட்பாரத்தின் உயரத்துக்கே மேடாக்கிவிட்டால் வண்டி தானாக மெதுவாகும், பாட்டியும் இறங்கி ஏற வேண்டியதில்லை. இதில் பலகையைக் கழற்றுவதற்கு ஒரு ஸ்பேனர் போதும். வளைவைக் குறுக்குவதற்குத்தான் டெண்டர் விட வேண்டியிருக்கும்.