கிரைண்டர் வந்தால் ஓய்வு வந்துவிடுமா?

அம்மி போச்சு, ஆட்டுக்கல் போச்சு. இன்னமும் வீட்டுப் பெண்களுக்கு உட்கார நேரமில்லை என்றால் அவர்களுக்கு நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை. டி. கல்லுப்பட்டி டீக்கடை பெஞ்சிலும் கல்யாணப் பந்தியிலும் இதுதான் பேச்சு.

1. இயந்திரம் வேலையின் கடுமையைக் குறைத்தது. வேலை யார் தலையில் என்பதை மாற்றவில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் நேரம் பார்த்து உளுந்தை ஊறப்போடுவது, ஆட்டும்போது தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடுவது, மாவை வழித்துக் கல்லைக் கழுவுவது எல்லாம் கிரைண்டரா செய்கிறது?

2. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 289 நிமிடம். ஆண்கள் 88. அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி! கையே நனைக்காதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. இதில் திட்டமிடல் எங்கே வந்தது?

3. ஓய்வு என்றால் சோம்பலாம். இதே ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, ஓய்வை உழைப்பின் ஒரு கூறாகவே பார்த்தார். அவரும் சோம்பேறியா?

4. "அதான் ஞாயிற்றுக்கிழமை இருக்கே." யாருக்கு? கறி வாங்கிக் கொடுத்துவிட்டு டிவி முன் சாய்பவருக்கு. மசாலா அரைப்பவருக்கு அன்றுதான் இரட்டை வேலை. அட்டவணை போட்டே தீருவேன் என்பவர், ராத்திரிப் பாத்திரங்களுக்கு நேரே தன் பெயரை எழுதட்டும்.