வீட்டுக்கு ஓர் ஆதார அலமாரி

மார்க்கச் சட்டம் ஒன்றைப் பற்றிப் பேச்செழுந்தால், "ஆதாரம் என்ன?" என்று கேட்பது நம் சமுதாயத்தின் நற்பழக்கம். எந்தக் கிதாபில் உள்ளது, எந்த இமாமின் கருத்து, அறிவிப்பாளர் வரிசை எத்தகையது என்றெல்லாம் வினவாமல் நாம் விடுவதில்லை. ஆனால், ஒரு நோய்க்கான மருந்தைப் பற்றியோ, ஒரு சட்டத்தைப் பற்றியோ, மக்கள்தொகையைப் பற்றியோ கைப்பேசியில் செய்தி வந்தால் அதே கேள்வியை நாம் கேட்பதில்லை. படித்த மறுநொடியே பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். வந்த செய்தியைத் தீர விசாரித்துத் தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் இட்ட கட்டளை, மருந்துக்கும் சட்டத்துக்கும் பொருந்தாதா?

விசாரிப்பதற்குக் கருவி வேண்டும். அக்கருவியே பார்வை நூல். முதற்பக்கம் தொடங்கி இறுதிவரை வாசிப்பதற்கன்றி, ஐயம் எழும்போது எடுத்துப் புரட்டுவதற்கென்றே தொகுக்கப்பட்ட அகராதி, கலைக்களஞ்சியம், அறிக்கை, சட்ட நூல் ஆகியவற்றையே இப்பெயரால் குறிக்கிறோம்.

இவை நமக்குப் புதியவை அல்ல. ஹதீஸ் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் வாழ்வையும் நம்பகத்தன்மையையும் ஆராய்ந்து தொகுத்த ரிஜால் நூல்கள் பார்வை நூல்களே. 13ஆம் நூற்றாண்டில் யாகூத் அல்ஹமவீ ஊர்களையும் நாடுகளையும் அகரவரிசையில் அடுக்கி 'முஃஜமுல் புல்தான்' எழுதினார். இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' ஐரோப்பிய மருத்துவக் கல்விக்கூடங்களிலும் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. அம்மரபின் வாரிசுகளாகிய நம் இல்லங்களில், குர்ஆனும் தஃப்ஸீரும் இருக்கும் அலமாரிக்கு அடுத்த தட்டு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. பிள்ளைகளின் பாடநூல்களும் ஆண்டு முடிந்ததும் எடைக்குப் போய்விடுகின்றன.

அத்தட்டில் எவற்றை வைக்கலாம்? நாம் பரிந்துரைப்பவை சில.

அறிவியல்

பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' பத்துத் தொகுதிகள் கொண்டது. அதன்பின் சிறுவர்க்கெனவும் பத்துத் தொகுதிகள் வந்தன. இரண்டையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். அறிவியல் கலைச்சொற்களுக்கு மணவை முஸ்தபாவின் அகராதிகள் உள்ளன. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றிய அவர், மருத்துவம், கணினி, தொழில்நுட்பம் ஆகிய துறைகளின் சொற்களைத் தமிழுக்குக் கொணர்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். நம் சமுதாயத்தில் தோன்றிய இத்தகைய ஒருவரின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அறிவியல் நூலை எடுத்தவுடன் பதிப்பாண்டைப் பார்க்க வேண்டும். முதற்செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது 1957இல். கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி அதற்கும் முந்தியது. புளூட்டோ கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது 2006இல். அதற்கு முந்திய நூல்கள் ஒன்பது கோள்கள் என்றே கூறும். பழைய நூலைப் புதியதோடு ஒப்பிடப் பழகும் பிள்ளை, அறிவு வளரும் முறையையும் சேர்த்தே கற்கிறது.

கல்வி

மொழித்தெளிவுக்கு 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' இன்றியமையாதது. 1992இல் வெளிவந்த அது, 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் 11, 12ஆம் வகுப்புப் பாடநூல்கள் தேர்வு முடிந்த பின்னும் பயன்படும்; அவற்றை எடைக்குப் போடாதீர்கள். பெற்றோரும் மதரஸா உஸ்தாதுகளும் குஜராத்தின் கல்வியாளர் கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' நூலை வாசிப்பது நன்று. அகராதிபோல் புரட்டும் நூல் அன்று அது. எனினும் அடியும் மிரட்டலுமின்றிக் கதையாலும் விளையாட்டாலும் கற்பிக்க முனையும் ஓர் ஆசிரியரின் முயற்சியைக் கூறுவதால், மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கத் தக்கது.

சமூகவியல்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு ஒவ்வோர் இல்லத்திலும் இருக்க வேண்டும். சமய உரிமை பற்றிய 25 முதல் 28 வரையிலான பிரிவுகளையும், சிறுபான்மையினரின் பண்பாட்டு, கல்வி உரிமைகளைக் கூறும் 29, 30ஆம் பிரிவுகளையும் சட்டத்தின் சொற்களிலேயே வாசித்தறிவது, மேடைப் பேச்சுகளில் கேட்பதினும் மேலானது. முஸ்லிம்களின் கல்வி, பொருளாதார நிலை பற்றி 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கையை மேற்கோள் காட்டுவோர் பலர். அதன் அட்டவணைகளைப் பார்த்தோர் சிலரே. நம் கடலோர மூதாதையரின் வணிக வரலாற்றுக்கு ஜெ. ராஜா முகமது சோழமண்டலக் கரை முஸ்லிம்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூலும், மார்க்க, வரலாற்றுச் செய்திகளுக்கு எம்.ஆர்.எம். அப்துற் றஹீமின் 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியமும்' துணை நிற்கும்.

யார் கைக்கு எட்டும்?

நூல்களை வாங்குவதினும் கடினமான வினா இதுவே. சில மஹல்லாக்களில் பள்ளிவாசலை ஒட்டி நூலகம் உண்டு; அதன் வாயில் ஆண்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்பட்ட பெண், கைக்குழந்தையோடு இருக்கும் தாய் ஆகியோருக்கே இந்நூல்கள் மிகுதியும் தேவைப்படுகின்றன. பிள்ளையின் முதற்கேள்வியை எதிர்கொள்பவரும் குடும்பத்தின் மருந்துச்சீட்டைப் படிப்பவரும் அவர்களே. கல்வி தேடுவது இருபாலார்க்கும் கடமை என்று ஜும்ஆ பயானில் சொல்லிவிட்டு, நூலகக் கதவைப் பாதிப் பேருக்கு அடைத்து வைப்பது முறையாகுமா?

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இரண்டே. ஆண்டு வரவு செலவில் நூல்களுக்கென ஒரு தொகையை ஒதுக்குங்கள். வாரத்தில் இரு நாட்களேனும் பெண்கள் தனியே வந்து எடுத்துச் செல்ல வழி செய்யுங்கள். அதற்கும் இடமில்லையெனில் பெண்கள் மதரஸாவில் ஓர் அலமாரி போதும். குடும்பத்தாரிடம் கேட்பது ஒன்று: அடுத்த நிக்காஹ் விருந்துக்குச் செல்லும்போது, மணமக்களுக்கு ஒரு நல்ல அகராதியை அன்பளிப்பாகக் கொடுங்கள். பல்லாண்டுகள் அவ்வில்லத்தில் எழும் ஐயங்களுக்கு அது விடை தரும். கொடுத்தவருக்கும் நற்கூலி சேரும், இன்ஷா அல்லாஹ்.