சுகர் ஊசி மூளைக்கும் மருந்தா?

"சுகர் ஊசி பார்க்கின்சனையும் சரி பண்ணும்"னு ரீல்ஸ்ல வந்தா உடனே ஷேர் பண்ணிடாதீங்க. எக்ஸெனடைட் என்ற மருந்து ஜிஎல்பி-1 ரிசெப்டரைத் தூண்டி, நியூரானைக் காக்கும் சிக்னலை செல்லுக்குள் ஓட வைக்கும். எலிகளில் வேலை செய்தது (எலிக்கு எல்லாமே வேலை செய்யும்!). லண்டனில் 62 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான சோதனையும் நம்பிக்கை தந்தது. 2025-ல் வெளியான பெரிய சோதனையில் 194 பேர், 96 வாரம். பலன் இல்லை.

அதுக்காக ஐடியாவே வேஸ்ட்னு நான் சொல்ல மாட்டேன். கை நடுங்க ஆரம்பிக்கும்போதே டோபமைன் நியூரான்கள் கணிசமா அழிஞ்சிருக்கும். செத்த செல்லுக்கு சிக்னல் அனுப்பி என்ன பிரயோஜனம்? வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கை கால் உதறுவது எல்லாம் பலருக்குப் பல வருஷம் முன்னாடியே வந்துடுது. அதைப் பிடிக்கிற டெஸ்ட்டுக்குத்தான் முதல்ல காசு போகணும். ப்ராஜெக்ட் தலைப்பு தேடுற பயோமெடிக்கல் மக்களே, கேக்குதா?