ஒளிக்க ஒன்றுமில்லாத அண்ணைமாருக்கு

போன சனிக்கிழமை ஹரோவில் ஒரு பிறந்தநாள் விழா. ரோல்சும் கையுமாக நாலைந்து பேர் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். கதை போனுக்கு வந்து, போனில் இருந்து அரசாங்கத்துக்குப் போனது. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"எங்கடை போனுக்குப் போடுற பூட்டு ஒண்டை 2025இல இந்த நாட்டில இல்லாமல் பண்ணிப்போட்டாங்கள், தெரியுமோ?" என்று கேட்டேன்.

ஒரு அண்ணை சிரித்தார். "பண்ணட்டும் தம்பி. நான் என்ன கள்ளனோ? எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை."

எல்லாரும் தலையாட்டினார்கள். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். கதை முடிந்தது. எனக்கு முடியவில்லை. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஐபோனில் உள்ள படங்களும் போனின் பிரதியும் ஆப்பிளின் ஐகிளவுட்டில் போய்ச் சேருகின்றன. சாதாரணமாக அதற்குரிய திறப்பு கம்பனியிடமும் இருக்கும். சட்டப்படி கேட்டால் திறந்து கொடுக்கும். 2022 டிசம்பரில் ஆப்பிள் மேலதிகப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. விரும்பினவர்கள் அதைப் போட்டுக்கொண்டால் திறப்பு அவர்களிடம் மட்டும்தான். கம்பனியே நினைத்தாலும் பார்க்க முடியாது.

2025 பெப்ரவரியில் வோஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தி வெளியிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி, இந்தப் பூட்டுக்குள்ளும் போக வழி வைக்கும்படி பிரித்தானிய உள்துறை அமைச்சு ஆப்பிளுக்கு இரகசியக் கட்டளை கொடுத்திருக்கிறது என்பதுதான் செய்தி. இங்கிருக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, உலகம் முழுக்க. அப்படியொரு கட்டளை வந்தது என்று வெளியில் சொல்லவும் அந்தச் சட்டம் கம்பனியை விடாது. அதே மாதம் 21ஆம் திகதி ஆப்பிள் பிரித்தானியாவில் அந்தப் பூட்டையே நிறுத்தியது. ஓகஸ்டில், பிரித்தானியா கட்டளையைக் கைவிடுகிறது என்று அமெரிக்கப் புலனாய்வுத் தலைவராக இருந்த துல்சி கபார்ட் அறிவித்தார். அப்பாடா என்றிருந்தது. ஒக்டோபரில், இந்தமுறை பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று புதுக் கட்டளை போயிருப்பதாகச் செய்தி வந்தது.

என்னுடைய ஐகிளவுட்டில் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் படங்கள். மனிசி அனுப்பின சாமான் பட்டியல். அதோடு தம்பியின் அகதி வழக்குக் கோப்பு. அவன் முதுகுக் காயங்களின் படங்கள். ஊரில் இருந்து இரண்டு பேர் எழுதித் தந்த சாட்சிக் கடிதங்கள், பெயரோடு, விலாசத்தோடு, கையெழுத்தோடு. அவர்கள் இன்றைக்கும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

அண்ணை, சென்றியில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டின காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். என்னிடம் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. பிரான்சில் இருந்த மாமாவின் விலாசமும், பள்ளிக்கூடப் பெடியளின் பெயர்களும். அதில் என்ன குற்றம்? ஆனால் அம்மா அந்தப் பெயர்கள் இருந்த பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டா. அதில் ஒருவன் இயக்கத்துக்குப் போயிருந்தான். ஆறாம் வகுப்பில் அவனோடு ஒரே வாங்கில் இருந்தது வீட்டில் நட்பு. சென்றியில் அதற்குப் பெயர் தொடர்பு.

ஒளிக்க ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னால் காணாது, பார்க்கிறவனும் அப்படிச் சொல்ல வேண்டும். அவன் யார், எந்தச் சட்டத்தை வைத்துப் பார்ப்பான் என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை.

"அது அங்கை. இது லண்டன்" என்பீர்கள். சரி, லண்டனுக்கே வருவோம். 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தில் ஏழாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. விமான நிலையத்தில் ஒருவரை மறித்து விசாரிக்க அவரில் சந்தேகம் இருக்கத் தேவையில்லை. போனின் கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுக்கவேணும், மறுத்தால் குற்றம். கேஜ் அமைப்பின் முகம்மது ரப்பானி மறுத்தார். தன்னை நம்பிய ஒருவர் சொன்ன சித்திரவதைச் சாட்சியம் உள்ளே இருக்கிறது என்றார். 2017இல் நீதிமன்றம் அவரைத்தான் குற்றவாளி என்றது. 2020இல் கால்வாயைக் கடந்து வள்ளத்தில் வந்த அகதிகளின் போன்களை உள்துறை அமைச்சு ஒட்டுமொத்தமாகப் பறித்து, இரகசிய இலக்கத்தையும் கேட்டு வாங்கியது. அது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. நீதிமன்றம் இருக்கிறது, உண்மை. ஆனால் தீர்ப்பு வர இரண்டு வருசம். போன் பறிபோன இரவில் தாயோடு கதைக்க முடியாமல் இருந்தவனுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன?

அடுத்தது, நல்லவர்களுக்கு மட்டும் ஒரு மாற்றுத் திறப்பு என்ற கதை. அப்படி ஒரு திறப்பு உலகத்தில் இல்லை. கிரேக்கத்தில் வோடபோன் வலையமைப்பில், பொலிஸ் ஒட்டுக் கேட்பதற்கென்று அமைந்த வசதிக்குள் யாரோ களவாகப் புகுந்தார்கள். 2004, 2005இல் மாதக்கணக்காகப் பிரதமர் கரமன்லிஸ் உட்பட நூறு பேருக்கு மேல் ஒட்டுக் கேட்கப்பட்டார்கள். அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பனிகள் ஒட்டுக் கேட்க வசதி வைத்திருக்கவேணும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். 2024இல் சோல்ட் டைஃபூன் என்ற சீனக் குழு கம்பனிகளுக்குள் புகுந்து, நீதிமன்றக் கட்டளைப்படி திரட்டிய தகவல்களையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகளே மக்களுக்குச் சொன்னது என்ன தெரியுமா? மறையாக்கம் செய்யப்பட்ட செயலிகளில் கதையுங்கள் என்று! பொலிசுக்கென்று வைத்த கதவால் கள்ளன் வந்தபிறகு, பூட்டுத்தான் நல்லது என்று ஞானம் பிறந்தது.

"அப்ப குழந்தைகளைக் கெடுக்கிறவனையும் குண்டு வைக்கிறவனையும் விடச் சொல்லுறியோ?" இது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். அவர்களைப் பிடிக்கத்தான் வேணும். சந்தேகமானவனின் போனை நீதிபதியின் உத்தரவோடு எடுக்கட்டும். அவன் கூட்டத்துக்குள் ஆளை அனுப்பட்டும். 2020இல் குற்றவாளிகள் பாவித்த என்குரோசாட் வலையமைப்புக்குள் பிரெஞ்சுப் பொலிஸ் புகுந்ததால், பிரித்தானியாவில் மட்டும் 700 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். அந்த வேலையிலும் சட்டக் கேள்விகள் எழுந்தன. ஆனால் அதற்காக உங்கள் வீட்டுக் கதவில் ஓட்டை போடத் தேவைப்படவில்லை. ஒருவனைத் தேடுவது வேறு, எல்லார் வீட்டுத் திறப்பையும் முன்கூட்டியே வாங்கி வைப்பது வேறு. இரண்டாவதை நாங்கள் ஊரில் பார்த்தோம். குடும்பப் பதிவு, வீட்டுப் படம், யார் வந்தது, யார் போனது. அது எங்கள் பாதுகாப்புக்கு என்றுதான் அப்போதும் சொன்னார்கள்.

இதை வாசிக்கிறவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கோ. வட்சப்பில் நீங்கள் கதைப்பது பூட்டித்தான் போகிறது, ஆனால் அதன் பிரதியை நீங்களாகப் பூட்டினால்தான் பூட்டு. 2021இல் இருந்து அந்த வசதி இருக்கிறது, போடுங்கோ. மற்றது, உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம். பொங்கலுக்குச் சால்வை போர்க்க எங்களைத் தேடி வருகிறவர்கள், இதற்கும் ஒரு பதில் சொல்லட்டும்.

அண்ணை, உங்களோடு கோபமில்லை. உங்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் போனுக்குள் நீங்கள் மட்டும் இல்லை. என்னுடைய போனுக்குள் ஊரில் இருக்கிற அந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். தங்கள் பெயரை என்னிடம் நம்பித் தந்தவர்கள். அதைத் திறந்து காட்டலாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.