உள்வலைப் பெயர்களும் 8.8.8.8 மயக்கமும்

அலுவலக வலையமைப்புக்குள் ஒரு கணினியைப் பெயர் சொல்லி அழைத்தும் அது அகப்படவில்லையென்றால், டிஎன்எஸ் முகவரியை, அதாவது பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் சர்வரின் முகவரியை, 8.8.8.8 என்று மாற்றினால் போதும் என்னும் நம்பிக்கை, பழுதுபார்ப்போரிடையே ஏறக்குறைய ஐதீகமாகிவிட்டது. 2009 டிசம்பரில் கூகுள் தொடங்கிய அந்தச் சேவை இணையப் பெயர்களுக்கு நன்றாகவே விடையளிக்கிறது. இணைய நிறுவனத்தின் சர்வர் முடங்கிய வேளைகளில் அது கைகொடுத்ததால்தான் இந்த நம்பிக்கை வேரூன்றியது. ஆனால் அலுவலகப் பிரிண்டருக்கு உள்ளே சூட்டிய பெயர் ரூட்டரிலோ அலுவலகத்தின் சொந்த டிஎன்எஸ் சர்வரிலோ மட்டுமே பதிவாகியிருப்பதால், அது கூகுளுக்குத் தெரிய வழியே இல்லை. எனவே இம்மாற்றம் பழுதைத் தீர்க்காததோடு, பெயரை அறிந்திருந்த ஒரே சர்வரையும் கேட்க விடாமல் செய்கிறது. உள்வலைப் பெயர்கள் காரணமின்றி வெளியாருக்குத் தெரியவருவது தனிக் கேடு.

இதைவிட நுட்பமான பிழை, 8.8.8.8-ஐ இரண்டாம் சர்வராக வைத்துக்கொள்வது காப்பு என்று கருதுவதாகும். முதல் சர்வர் 'இல்லை' என்றால் கணினி இரண்டாவதைக் கேட்கும் என்று எண்ணுவோர், டிஎன்எஸ் நெறிமுறையில் 'அப்பெயர் இல்லை' என்பதும் முழுமையான விடையே என்பதையும், விடையே வராதபோதுதான் கணினி பொதுவாக அடுத்த சர்வரை நாடும் என்பதையும் மறந்துவிடுகின்றனர். உள் சர்வர் சற்றே தாமதித்தாலும் வெளிச் சர்வரின் 'இல்லை' முந்திக்கொண்டு, கணினியின் தற்காலிகச் சேமிப்பில் தங்கி, உள் சர்வர் மீண்ட பின்னும் தொடர்ந்து தொல்லை தரக்கூடும். 'காலையில் வந்தது, மதியம் வரவில்லை' என்னும் புகார்களில் பல இவ்வாறு பிறப்பவையே.

டிஎன்எஸ் சர்வரையே அணுகாத பெயர்களும் உண்டு. '.லோக்கல்' என்று முடிபவை, 2013-இல் வெளியான ஆர்எஃப்சி 6762 ஆவணத்தின்படி எம்டிஎன்எஸ் என்னும் முறைக்கு ஒதுக்கப்பட்டவை. அம்முறையில் கேள்வி 224.0.0.251 என்னும் குழுமுகவரிக்கு, யுடிபி 5353 போர்ட் வழியாகப் பரப்பப்பட, பெயருக்குரிய கருவி தானே விடை சொல்கிறது. வைஃபை கருவி இக்குழுச் செய்திகளைத் தடுத்தாலோ, கேட்பவரும் கேட்கப்படுபவரும் வெவ்வேறு துணைவலைகளில் இருந்தாலோ, உலகின் எந்தப் பொதுச் சர்வராலும் பயனில்லை.

இவ்விடத்தில் என்எஸ்லுக்அப் கட்டளையின் முடிவையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளும் வழக்கமும் கண்டிக்கத்தக்கது. அது நேரே டிஎன்எஸ் சர்வரைக் கேட்பதால், பெயரையும் முகவரியையும் கையால் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பை அது பார்ப்பதே இல்லை. பிங் கட்டளையோ இயங்குதளம் வகுத்த வரிசைப்படி அக்கோப்பையும் பிற வழிகளையும் நாடுகிறது. எண்முகவரிக்கு பிங் விடை பெற்று, பெயருக்குப் பெறாவிட்டால் கேபிளில் குறையில்லை. என்எஸ்லுக்அப் சரியான முகவரியைத் தரும்போது பிங் வேறொன்றை நாடினால், பெரும்பாலும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எவரோ எப்போதோ எழுதி மறந்த ஒரு வரியையோ, தற்காலிகச் சேமிப்பில் தங்கிய பழைய விடையையோதான் தேட வேண்டியிருக்கும்.