தொழிலாளியின் சேமிப்பில் ஓடிய வண்டி

2018-ஆம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி மாலை, சம்பளப் பேச்சு முறிந்ததும், தமிழ்நாட்டுச் சர்க்கார் பஸ் தொழிலாளிகள் வண்டிகளை நிறுத்தினர். எட்டு நாட்கள் சென்னை நகரம் பட்ட அவஸ்தை சொல்லுந்தரமன்று. மின்சார ரயில்களில் நிற்கவும் இடமில்லை. ஆட்டோக்காரர் கேட்டதே கூலியாயிற்று. தாற்காலிக டிரைவர்களிடம் ஒப்படைத்த வண்டிகளால் விபத்துக்களும் நேர்ந்தன. பிரயாணிகளை நடுவழியில் தவிக்கவிட்டதை நாம் ஒருநாளும் ஆதரியோம்.

ஆனால், ஜனங்களின் கஷ்டத்தைக் காட்டித் தொழிலாளியைக் குற்றவாளியாக்குவோர் மறு பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்காக்கக் கேட்டனர், சர்க்கார் 2.44-க்கு இசைந்தது. ஹைக்கோர்ட்டு ஜனவரி 5-ந் தேதி வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. 11-ந் தேதி ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக நியமிக்கவே வேலைநிறுத்தம் வாபஸாயிற்று. இவ்வளவோடு விஷயம் முடிந்திருந்தால் நாம் எழுதவேண்டிய அவசியமேயில்லை.

மூல வியாதி வேறு. தொழிலாளிகளின் சம்பளத்தினின்று சேமிப்பு நிதிக்கென்று பிடித்த பணத்தைக் கழகங்கள் அன்றாடச் செலவுக்கு எடுத்தாண்டன. ஓய்வுபெற்றோர் தம் சொந்தப் பணத்துக்காக வருஷக்கணக்கில் அலைந்தனர். நம்பி ஒப்படைத்த பொருளைத் தன் செலவுக்கு எடுக்கும் தனி மனிதனைச் சட்டம் மோசக்காரன் என்னும். சர்க்கார் ஸ்தாபனம் செய்தால் அதற்கு நிதி நெருக்கடி என்று பெயர்!

ஏழைகளுக்காகக் கட்டணத்தைக் குறைவாக வைத்ததே நஷ்டத்துக்குக் காரணம் என்பர். 2011 நவம்பருக்குப் பின் ஆறு வருஷம் கட்டணம் உயரவில்லை என்பது மெய்யே. ஏழைக்கு உதவுவது தர்மந்தான். ஆனால் அந்தத் தர்மத்தைக் கண்டக்டரின் பையிலிருந்து செய்வது எந்த நியாயம்? கஜானா ஏற்கவேண்டிய பாரத்தை முதலில் தொழிலாளி சுமந்தான். பின்பு 2018 ஜனவரி 20-ந் தேதி கட்டணத்தைத் திடீரென உயர்த்தியபோது பிரயாணி சுமந்தான். எதிர்ப்புக்குப் பின் குறைத்தது சொற்பமே.

2021-இல் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் அளித்தபோது, அதன் செலவைச் சர்க்காரே ஈடு செய்வதென ஏற்றது. அதுவே சரியான வழி. எனினும், 2024 ஜனவரி 9-ந் தேதி வண்டிகள் மறுபடியும் நின்றன. ஓய்வுபெற்றோரின் பஞ்சப்படி பாக்கி அப்போதும் ஒரு கோரிக்கை.

பஸ் பொது ஜன சேவையென்றால் அதன் நஷ்டமும் பொதுவே. பிரயாணியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் பகைத்து நிற்கும்வரை, கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் எவரும் கேட்கப்போவதில்லை. இருவரும் சேர்ந்து கேட்கட்டும்.